மூலிகை டீயும் ஞாபக சக்தியும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவன் நான். இதே ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசும்போது கைதட்டியதோடு சரி. 2011-ல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனேன். இன்று ஒரு தொழிற்சாலையில் அளவீட்டுக் கருவிகள் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். பிரஷர் கேஜ் சரியாகக் காட்டுகிறதா, தெர்மாமீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கருவி தப்பாகக் காட்டினால் பாய்லர் வெடிக்கும் வரை யாருக்கும் தெரியாது. அதனால் எதையும் அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது என்பது எனக்கு ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது.

"மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வேலைவாய்ப்பு, வெளிநாடு, இன்டர்வியூ பற்றியெல்லாம் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நான் டீயைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. ஞாபக சக்திக்கு என்று சொல்லி நம் வீடுகளில் குடிக்கிற, குடிக்க வைக்கிற டீயைப் பற்றி.

முதலில் என் கதை. மூன்றாம் ஆண்டு செமஸ்டர் பரீட்சை. மறுநாள் 'மெஷர்மென்ட்ஸ்' பேப்பர். ஐந்து யூனிட்டில் மூன்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ரூம் நண்பன் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வாசல் டீக்கடைக்குப் போய் வந்தான். அதோடு அவன் அம்மா கொடுத்துவிட்ட வல்லாரைப் பொடியும் இருந்தது. டீயில் பொடியைக் கலந்து விடியற்காலை நாலு மணி வரை ஏழு கிளாஸ் குடித்தேன். பரீட்சை ஹாலில் கெல்வின் பிரிட்ஜ் கேள்வி வந்தது. அந்தப் படம் புத்தகத்தில் இடது பக்கம், கீழ் மூலையில், பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு இருக்கிறது என்பது வரை ஞாபகம் வந்தது. எண்ணெய்க் கறை தெரிகிறது, படம் வரவில்லை! அரியர் விழுந்தது. அன்றைக்கு நான் வல்லாரையைத்தான் திட்டினேன். "பொடி டூப்ளிகேட்டுடா" என்று நண்பனோடு சண்டையும் போட்டேன். தப்பு பொடியில் இல்லை என்று புரிய எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

புரிய வைத்தது என் அக்கா மகள். அக்கா வீடு திருச்சுழி பக்கம் ஒரு கிராமம். மானாவாரி நிலம் கொஞ்சம், மீதி நாளில் கூலிக்கு மல்லிகைப் பூ எடுக்கிற வேலை. மகள் அப்போது பிளஸ் டூ. பொங்கலுக்குப் போயிருந்தேன். ராத்திரி ஏழரை மணிக்கே பிள்ளை புத்தகத்தின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இந்நேரத்துக்கே தூங்குறா?"

"அதை ஏன்டா கேக்குற, தம்பி. உக்காந்தா தூங்கிடுறா. படிச்சது நிக்க மாட்டேங்குதுன்னு அழுவுறா. அதான் மூளைக்கு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

அலமாரியில் இருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினாள். வல்லாரை, நீர்ப்பிரமி, சங்கபுஷ்பி என்று எழுதியிருந்தது. வெந்நீரில் ஒரு ஸ்பூன், இரண்டு வேளை, சாப்பிட்டவுடன். ஒரு டப்பா 900 ரூபாய். மூன்றாவது டப்பா ஓடிக்கொண்டிருந்தது. பூ எடுத்துச் சேர்த்த 2,700 ரூபாய்! அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தான் படிக்காத தாய், மகள் படிக்கவேண்டும் என்று தன் வயிற்றைக் கட்டி வாங்கியது அது.

ஆனால் என் வியாதி சும்மா இருக்குமா? "குடிக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்தா, இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "அப்படியேதான் இருக்கா. இன்னும் ரெண்டு டப்பா குடிக்கணுமாம்" என்றாள் அக்கா. பிள்ளையை எழுப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.4. அந்த வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும்.

டாக்டரம்மா பிள்ளையிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "சாப்பிட்டவுடனே டீ குடிப்பியாம்மா?" அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு கிடைத்த நேரத்திலெல்லாம் இதைப் பற்றிப் படித்தேன். படித்ததைத்தான் உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன். நான் வைத்தியன் இல்லை. அளக்கத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

அந்த டப்பாவில் இருந்த மூன்று பெயர்களில் இருந்தே தொடங்குவோம்.

வல்லாரை நமக்குப் புதிது இல்லை. வல்லாரை சாப்பிட்டவனிடம் மல்லுக்குப் போகாதே என்று எங்கள் அப்பத்தா சொல்லும். ஆனால் பாருங்க, வல்லாரை ஈரம் கேட்கிற செடி. வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு, கண்மாய்க் கரைதான் அதற்கு வீடு. நம் கரிசலிலும் செம்மண் மேட்டிலும் தானாக வராது. "கண்மாய் நெறஞ்ச வருசம்தான்டா வல்லாரைத் தொவையல்" என்று அப்பத்தா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்மாய்க்குள் சீமைக் கருவேலம்தான் காடாக நிற்கிறது என்ற நிலைமையில், அருப்புக்கோட்டை சந்தையில் நாம் வாங்குகிற கட்டு வேறு எங்கேயோ தண்ணீர் பாய்ந்து விளைந்தது.

இரண்டாவது, நீர்ப்பிரமி. பேரிலேயே நீர் இருக்கிறது. அதுவும் சதுப்புச் செடி. 'பிராமி' என்று கேட்டால் கேரளத்தில் இந்த நீர்ப்பிரமியைக் கொடுப்பார்கள். வடநாட்டில் பல இடங்களில் வல்லாரையைக் கொடுப்பார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடி, உள்ளே இருக்கிற சரக்கும் வேறு.

மூன்றாவது, சங்கபுஷ்பி. இதில் குழப்பம் இன்னும் அதிகம். ஒரு ஊரில் அந்தப் பெயருக்கு நம் வேலியில் படர்கிற நீலச் சங்குப்பூ. இன்னொரு ஊரில் விஷ்ணுகிராந்தி. வடக்கே வேறொரு கொடி. விஷ்ணுகிராந்தியை நீங்கள் எல்லோரும் மிதித்திருப்பீர்கள். மழை பெய்த பிறகு செம்மண் சரளையில் தரையோடு தரையாகப் படர்ந்து, காலையில் சின்ன நீலப் பூ பூக்குமே, அதுதான். மூன்றில் இது ஒன்றுதான் நம் வறண்ட மண்ணின் சொந்தப் பிள்ளை. டப்பாவின் மேல் 'சங்கபுஷ்பி' என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது எந்தச் செடி என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. பெயர்ப்பலகை இல்லாத மோட்டாரை நாம் வாங்குவோமா?

சரி, செடி சரியாகவே இருக்கட்டும். ஞாபகம் வளருமா? அளந்து பார்த்திருக்கிறார்கள். எப்படி அளப்பது? ஒரு கூட்டத்தாருக்கு மருந்து, இன்னொரு கூட்டத்தாருக்கு அதே மாதிரி தோற்றத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கடைசியில் பரீட்சை வைத்துப் பார்ப்பார்கள். நாங்கள் புதுக் கருவியைப் பழைய கருவியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற அதே முறைதான்.

நீர்ப்பிரமியில் லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது. 2001-ல் ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமான 46 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. தினமும் 300 மில்லிகிராம் சாறு, 12 வாரம். 12 வாரம் முடிவில் படித்ததை வாங்கிக்கொள்ளும் வேகத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதே ஆண்டில் 38 பேரிடம் ஒரே ஒரு வேளை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. 2014-ல் ஒன்பது சோதனைகளை, மொத்தம் 518 பேரை, சேர்த்துப் பார்த்தார்கள். கவனத்தின் வேகத்தில் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்று முடிவு வந்தது. ஆக, நீர்ப்பிரமி முழுப் பொய் இல்லை. ஆனால் அது அளந்த சாறு, மாதக்கணக்கில். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி கலக்கிக் குடிக்கிற டீ இல்லை. என் ஏழு கிளாஸுக்குப் பதில் இதிலேயே கிடைத்துவிட்டது.

வல்லாரைக்கும் இப்படிச் சேர்த்துப் பார்த்தார்கள், 2017-ல். அறிவுத்திறன் சோதனைகளில் மாவு மாத்திரைக்கும் வல்லாரைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. குடித்த ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் சுறுசுறுப்பு கூடலாம் என்பது வரைதான் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றை உலகம் முழுக்க ஞாபகத்துக்கு என்று விற்றார்கள். அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரை வைத்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் சோதித்துப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். மறதி நோயை அது தடுக்கவில்லை.

"அப்படின்னா நம்ம மூலிகை எல்லாம் சும்மாவா?" என்று முன்வரிசைப் பெரியவர்கள் முறைப்பது தெரிகிறது. இல்லைங்க, ஐயா. அதற்கு நம் பக்கத்துச் செடி ஒன்றையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

நித்தியகல்யாணி. வீட்டு வாசலில் ரோஸ் நிறத்தில் பூக்கும், ஆடு கூட வாய் வைக்காது. தென் மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் இதைப் பயிராகவே போட்டு, இலையும் வேருமாக மூட்டை கட்டி ஏற்றுமதிக்கு அனுப்பியவர்கள் உண்டு. இந்தச் செடியின் இலையை ஜமைக்கா தீவில் சர்க்கரை நோய்க்கு டீ போட்டுக் குடித்தார்கள். 1952-ல் அந்த இலை கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் கைக்குக் கிடைத்தது. எலிகளுக்கு அதை வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஊசி வழியாகச் செலுத்தியபோது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்தன. அடடா, வெள்ளை அணு பெருகுகிற நோய்க்கு இது ஆகுமே என்று அவரும் சார்லஸ் பீர் என்பவரும் விடாமல் பிரித்தெடுத்தார்கள். 1958-ல் வின்பிளாஸ்டின் வெளியே வந்தது. அதே செடியில் இருந்து பிறகு வந்த வின்கிரிஸ்டின் 1963 முதல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போடப்படுகிறது.

இந்தக் கதையை எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். செடியில் சக்தி இருந்தது. ஆனால் ஜனங்கள் நம்பிய வேலைக்கு இல்லை, அவர்கள் குடித்த டீ வழியாகவும் இல்லை. அளந்து பார்த்தவனுக்குத்தான் அது தன்னைக் காட்டியது. மூலிகையை மதிப்பது என்றால் அதைக் கும்பிட்டுக் குடிப்பது இல்லை. இது என்ன செய்யும், எவ்வளவு செய்யும், எப்போது கெடுக்கும் என்று கேட்பதுதான்.

இப்போது டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். தங்கைகள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

டீயில் துவர்ப்பு இருக்கிறது அல்லவா? அந்தத் துவர்ப்புச் சத்து, சோற்றிலும் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். குடல் உறிஞ்ச விடாது. 1999-ல் இதை அளந்து வெளியிட்டார்கள். ரொட்டியோடு கறுப்பு டீ குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது 79 முதல் 94 விழுக்காடு வரை குறைந்தது. சாதா டீ மட்டும்தானா? இல்லை. புதினா டீயில் 84 விழுக்காடு, சாமந்தி டீயில் 47 விழுக்காடு. மூலிகை என்பதால் அது விட்டுவிடவில்லை.

இரும்பு குறைந்தால் என்ன ஆகும்? உடம்பு மட்டுமா சோரும்? 1996-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் 81 பேரை வைத்து ஒரு சோதனை. ரத்த சோகை என்று சொல்கிற அளவுக்குக்கூட அவர்கள் போகவில்லை, உடம்பில் இரும்பு இருப்பு மட்டும் குறைவு. பாதிப் பேருக்கு இரும்பு மாத்திரை, பாதிப் பேருக்கு மாவு மாத்திரை. எட்டு வாரம். இரும்பு சாப்பிட்ட பிள்ளைகள் வார்த்தைகளைக் கற்று ஞாபகம் வைக்கிற சோதனையில் நன்றாகச் செய்தார்கள்.

யோசித்துப் பாருங்க. ஞாபக சக்திக்கு என்று என் அக்கா காசு கொடுத்து வாங்கிய டீ, சாப்பிட்டவுடனே இரண்டு வேளை உள்ளே போய், ஞாபக சக்திக்குத் தேவையான இரும்பைத் தட்டிப் பறித்திருக்கலாம். அந்தப் பொடியில் எவ்வளவு துவர்ப்பு இருந்தது என்று நான் அளக்கவில்லை. அதனால் உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று மாதமாக வீட்டில் எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள், யாரும் பிள்ளையின் உதட்டைப் பார்க்கவில்லை என்பது மட்டும் உறுதி. டப்பா செய்த பெரிய கெடுதல் அதுதான். ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிம்மதியை அது கொடுத்துவிட்டது.

இது என் அக்கா வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுத்தார்களே, அதில் எத்தனை வேப்ப மரத்தடிக்குப் போனது என்றும் நீங்களே சொல்லுங்கள். வயிற்றைப் பிரட்டும், உண்மைதான். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் பிரட்டல் குறையும். கூடவே டீ மட்டும் வேண்டாம்.

அக்கா மகளுக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது இரும்பு மாத்திரை, பூச்சி மாத்திரை. சாப்பாட்டில் முருங்கைக் கீரை, கம்பு. முடிந்தால் வாரம் ஒரு நாள் ஈரலோ சுவரொட்டியோ. கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. புளிப்பில் உள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக் கொடுக்கும். டீ சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி. மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.6 வந்தது. அவள் வாங்கிய மார்க்கைச் சொல்லி உங்களிடம் கைதட்டல் வாங்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு நானே அதைச் செய்யக்கூடாது. அவள் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் சொல்கிறேன்: "மாமா, இப்பல்லாம் ராத்திரி எழுத்து ஆடல."

அடுத்து தூக்கம். தம்பிகளுக்காக.

படித்தது மூளையில் பதிகிற வேலையில் பெரும்பங்கு நாம் தூங்கும்போதுதான் நடக்கிறது. டீயில், காபியில் உள்ள காஃபீன் என்ன செய்கிறது? மூளையில் களைப்பைச் சொல்கிற அடினோசின் என்ற பொருள் போய் உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். களைப்பு போகவில்லை, களைப்பைக் காட்டும் கருவியின் கம்பியைப் பிடுங்கிவிட்டோம், அவ்வளவுதான். எங்கள் தொழிற்சாலையில் அலாரம் கம்பியைப் பிடுங்கினால் வேலை போய்விடும்! குடித்த காஃபீனில் பாதி கழியவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். 2013-ல் ஒரு சோதனையில், படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்தார்கள். அப்படியும் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. என் ஏழு கிளாஸ் அந்த அளவுக்கு வந்திருக்குமா வராதா என்பது கடைக்காரர் கைப்பக்குவம். ஆனால் அன்று ராத்திரி படித்தது பதிவதற்கு நான் ஒரு நிமிஷமும் கொடுக்கவில்லை என்பது நிச்சயம்.

மூன்றாவது, தண்ணீர். உடம்பு எடையில் இரண்டு விழுக்காடு தண்ணீர் குறைந்தாலே கவனம் தளரும். ஐம்பது கிலோ ஆளுக்கு அது ஒரு லிட்டர். நம் ஊர் வெயிலில், உப்புத் தண்ணீர் பிடிக்காமல், கேன் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்து, கழிப்பறைக்குப் பயந்து காலையில் இருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல்வர் அவர்கள் முன்னாலேயே சொல்கிறேன். முன்னாள் மாணவர் சங்கம் ஏதாவது செய்ய நினைத்தால் நல்ல குடிதண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் எந்த ஞாபகப் பொடியையும்விட மேல்.

நான்காவது, படிக்கிற முறை. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தார் அதை நாலு தடவை படித்தார்கள். இன்னொரு கூட்டத்தார் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை புத்தகத்தை மூடி ஞாபகத்தில் இருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் நாலு தடவை படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 விழுக்காடு. மூடி எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. எந்த மூலிகையும் ஒரு வாரத்தில் இப்படி ஒரு வித்தியாசம் காட்டி நான் படித்ததில்லை. விலை என்ன? ஒரு பழைய நோட்டு, ஒரு பேனா. எனக்கு எண்ணெய்க் கறை ஞாபகம் இருந்து படம் ஞாபகம் இல்லாமல் போனதற்குக் காரணமும் இதுதான். நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு தடவைகூடப் பார்க்காமல் வரைந்து பார்க்கவில்லை.

அப்படியானால் மூலிகை டீ குடிக்கவே வேண்டாமா? தாராளமாகக் குடியுங்கள். நானும் குடிக்கிறேன். துளசி போடுங்கள், சுக்குமல்லி போடுங்கள், ஆவாரம்பூ போடுங்கள். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா. கெமிஸ்ட்ரி லேபில் லிட்மஸ் பார்த்த மாதிரி இருக்கும், தம்பிகள் வீட்டில் செய்து காட்டலாம். டீத்தூள் சேர்க்காத இந்த மாதிரி டீயில் காஃபீன் கிடையாது. ராத்திரி படிக்கும்போது ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால் தூக்கத்தைக் கெடுக்காது. எழுந்து போய் அடுப்பு மூட்டி, கொதிக்கிற வரை நின்று வந்தால் கண்ணுக்கும் முதுகுக்கும் ஓய்வு. அந்த நேரத்தில் படித்ததை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அதுதான் அந்த டீயின் உண்மையான ஞாபக சக்தி.

வல்லாரை கிடைத்தால் துவையல் அரையுங்கள், ருசிக்காகச் சாப்பிடுங்கள். ஆனால் வல்லாரை, நீர்ப்பிரமிச் சாறு, மாத்திரை என்று மாதக்கணக்கில் போவதானால் வைத்தியரைக் கேளுங்கள். நீர்ப்பிரமி சிலருக்கு வயிற்றைப் புரட்டும். வல்லாரையால் கல்லீரல் பாதித்ததாகவும் அரிதாகப் பதிவுகள் உண்டு. கர்ப்பிணிகளும், வலிப்புக்கோ தைராய்டுக்கோ மருந்து சாப்பிடுகிறவர்களும் தாங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இங்கே வந்திருக்கும் என் வயது நண்பர்கள் பலருக்கு அக்கா மகளோ, அண்ணன் மகனோ, சொந்தப் பிள்ளையோ பள்ளிக்கூடத்தில் இருக்கும். "படிச்சது நிக்க மாட்டேங்குது" என்று அந்தப் பிள்ளை சொன்னால் டப்பா வாங்குவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். நன்றாகத் தூங்குகிறாயா? தண்ணீர் குடிக்கிறாயா? புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தாயா? கடைசியாக ரத்தம் எப்போது பார்த்தோம்? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தக் கடைசிக் கேள்விக்குக் காசே இல்லாமல் பதில் கிடைக்கும்.

அக்கா வீட்டு அலமாரியில் அந்த மூன்றாவது டப்பா இன்னும் இருக்கிறது. உள்ளே இப்போது கடுகு. "900 ரூவா டப்பாடா, தூக்கிப் போட மனசு வரல" என்கிறாள் அக்கா. நான் போகும்போதெல்லாம் சுக்குமல்லி காபி போட்டுக் கொடுக்கிறாள், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து. அவளே கடிகாரம் பார்க்கிறாள்.

 வெளியே டீ தயாராக இருப்பதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, தாராளமாகக் குடிக்கலாம்.